மழை விடுமுறையும் ஆசிரியர் பணியும்

கனமழை, புயல், வெள்ளம் ஆகிய காரணங்களால் கல்வி நிலையங்களுக்கு விடப்படும் உள்ளூர் விடுமுறையே மழை விடுமுறை எனப்படுகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது அதிகம் அறிவிக்கப்படுகிறது. அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். மாவட்டம் முழுமைக்கும் விடலாம். சில வட்டங்களுக்கு மட்டும் விடலாம். பள்ளிகளுக்கு மட்டும் விட்டுக் கல்லூரிகளை நடத்தலாம். நிலைமையைப் பார்த்துத் தலைமையாசிரியரே முடிவு செய்யலாம் என்று சொல்லும் நாள்களும் உண்டு.

கூரத்தின் மழை

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரம் ஏரியை நம்பிய ஊர். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும் பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு என்ற கால்வாயையும் குறிப்பிடுகிறது. அதே செப்பேட்டில் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஏரிக்கு நீரும் வாசிப்பவருக்கு ஊதியமும் ஒரே ஆவணத்தில் இருப்பது என் போன்ற ஆசிரியருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இப்பகுதிக்கு மழை வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் நெசவாளர் வீட்டில் குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஏறும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்க வெயில் இருக்காது. பெற்றோருக்கு வேலை நிற்கும் அதே நாளில் பிள்ளைக்குப் பள்ளியும் நின்றால், பள்ளியில் கிடைக்கும் மதிய உணவும் இல்லை. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கிய பிறகு, தொடக்கப் பள்ளிப் பிள்ளை இழப்பது இரண்டு வேளை. மழை விடுமுறை பற்றிப் பேசுவோர் இதை அதிகம் நினைப்பதில்லை.

அறிவிப்பு வரும் நேரம்

ஹாங்காங்கில் 8ஆம் எண் புயல் எச்சரிக்கை ஏறினால் எல்லாப் பள்ளிகளும் மூடப்படும். யாரும் தனியாக ஆணையிடக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை தருகிறது. முடிவை ஆட்சியர் எடுக்கிறார். முந்தைய நாள் மாலையே சொல்லிவிட்டால் நல்லது. சில நாள் விடிந்த பிறகுதான் செய்தி வரும். நான் பணியில் இருந்தபோது ஒருமுறை ஏழரை மணிக்கு மேல் அறிவிப்பு வந்தது. அதற்குள் தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் ஏரிக்கரை வழியாக நனைந்துகொண்டே வந்து சேர்ந்துவிட்டார்கள். மழை விடும் வரை அவர்களை வகுப்பில் வைத்திருந்து, சின்னப் பிள்ளைகளைத் தெருவாரியாகச் சேர்த்து அனுப்பினோம். கடைசிப் பிள்ளை போகும்போது மணி பன்னிரண்டு. பதிவேட்டில் அன்று விடுமுறை.

2015

நவம்பர் தொடங்கிப் பெய்த மழையில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டப் பள்ளிகள் ஏறத்தாழ ஒரு மாதம் இயங்கவில்லை. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில், டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. பல பள்ளிகள் நிவாரண முகாம்களாயின. அரையாண்டுத் தேர்வு 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. புத்தகம் இழந்த மாணவர்களுக்கு அரசு மீண்டும் புத்தகம் வழங்கியது. யாருக்கு எந்தப் புத்தகம் போயிற்று என்று பட்டியல் எடுப்பதும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதும் வகுப்பாசிரியர் வேலை. 2023 டிசம்பரில் மிக்சாங் புயலின்போதும் இம்மாவட்டத்தில் பள்ளிகள் நாள்கணக்கில் மூடப்பட்டன, தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன.

சட்டம் சொல்வது

"வாத்தியாருக்கு என்ன, மழை பெய்தாலும் சம்பளம்" என்று தேநீர்க் கடையில் சொல்வார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 கற்பித்தல் மணியும் தேவை; 6 முதல் 8 வரை 220 நாள்களும் 1000 மணியும் தேவை. ஆசிரியரின் வாரப் பணி, பாடம் தயாரிக்கும் நேரத்தையும் சேர்த்து, 45 மணி. இச்சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் மூன்றுக்கும் விலக்கு உண்டு. ஆகவே மழை நாளில் பள்ளி மூடியிருந்தாலும் ஆசிரியரை நிவாரணப் பணிக்கு அழைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

விட்ட நாள்களைச் சனிக்கிழமைகளில் ஈடுசெய்யச் சொல்வது வழக்கம். தேநீர்க் கடைக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு: மழை அறிவிப்பைக் கேட்டு மாணவரைவிட முதலில் மகிழ்ந்த ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். ஈடுசெய்யும் சனிக்கிழமைகளில் பாதி வகுப்பு வராது. வந்தவர்களுக்குப் புதுப் பாடம் நடத்தினால் திங்கட்கிழமை மீண்டும் நடத்த வேண்டும். நாள் கணக்கு நேராகும், பாடம் நேராகாது. பத்தாம் வகுப்பு ஆசிரியர் ஜனவரியில் மாலைச் சிறப்பு வகுப்பு வைத்துத்தான் முடிப்பார். நாளைக் கூட்டுவதைவிட அந்த ஆண்டுக்குப் பாடப்பகுதியைக் குறைப்பதே பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் கருத்து. கொரோனா காலத்தில், 2020-21 கல்வியாண்டில், தமிழ்நாடு அரசு பாடத்திட்டத்தைக் குறைத்தது.

மறுநாள் பள்ளி திறக்கும்போது வேலை வேறு விதம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். அதன் பின் பள்ளிக் கட்டடங்களின் உறுதியை ஆய்வு செய்யும் பணி மாநிலம் முழுவதும் முடுக்கிவிடப்பட்டது. மழை ஓய்ந்த காலையில் தலைமையாசிரியர் முதலில் பார்க்க வேண்டியவை ஊறிய சுவர், ஒழுகும் கூரை, மின்கம்பி, கிணறு, குடிநீர்த் தொட்டி. அவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் முதல் மணி அடிக்கலாம்.