மழை புகாத ரயில் பெட்டி

ரயில் வண்டியைக் கண்டு ஆசைப்படாத குழந்தை உலகத்தில் இல்லை. வயது ஏற ஏற அந்த ஆசை தானே தணிந்துவிடும் என்பது பெரியோர் வாக்கு. நமது விஷயத்தில் அவ்விதம் நடக்கவில்லை என்பதை நேயர்களிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். நாற்பது வயதைத் தாண்டியவரும், பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதிக்கும் கண்ணியமான உத்தியோகத்தில் இருப்பவருமான நாம், சென்ற ஒன்பது மாத காலத்து ஓய்வு நேரம் முழுவதையும் ஒரே ஒரு மாதிரி ரயில் பெட்டிக்குச் செலவிட்டிருக்கிறோம். கடையில் வாங்கிப் பூட்டியதல்ல. பலகை அறுப்பது முதல் வர்ணம் பூசுவது வரையில் வீட்டிலேயே செய்தது.

இதற்குக் காரணம் நமது தகப்பனார். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோக காலத்தின் பெரும் பகுதி செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே இருந்த மீட்டர் கேஜ் பாதையில் கழிந்தது. 1904-ல் திறக்கப்பட்ட அந்த மலைப் பாதை ஆரியங்காவு, தென்மலை வழியாக, கழுத்துருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்து செல்லும். 2010-ல் மீட்டர் கேஜ் வண்டிகளை நிறுத்திவிட்டு, பாதையை அகலப்படுத்தி, 2018-ல் மீண்டும் திறந்தார்கள். தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் வண்டி ஓடுவது இன்று மேட்டுப்பாளையம்–உதகமண்டலம் மலை ரயிலில் மட்டுமே.

தகப்பனாருக்கு எண்பது பிராயம் ஆகிறது. கண்ணழுத்த நோயினால் பார்வை முழுவதும் போய்விட்டது. ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கும் நமது குமாரி, "தாத்தா, அந்தக் காலத்துச் சின்ன ரயில் பெட்டி எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் நீட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். "சொன்னாத் தெரியாது பிள்ளை. தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். குழந்தைகள் கண்ணால் காணாததும், அவர் இனிமேல் காண முடியாததுமான ஒரு பொருளைச் செய்துவிடுவது என்று அன்றிரவே தீர்மானித்தோம்.

இருபத்திரண்டரையில் ஒரு பங்கு

மாதிரி ரயில்கள் பல அளவுகளில் உண்டு. தீப்பெட்டிக்குள் அடங்குகிற இஞ்சின்களும் இருக்கின்றன. கண்ணுக்குக் காட்டுவதற்குச் சிறியது போதும். விரலுக்குக் காட்டப் பெரியதுதான் வேண்டும். ஆகையால் 1:22.5 என்ற அளவைத் தேர்ந்துகொண்டோம்.

இதில் ஒரு கணக்கு நயம் இருக்கிறது. மாதிரி ரயில்களுக்கு 45 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டவாளம் ஒன்று வெகு காலமாக வழங்கி வருகிறது. ஐரோப்பாவில் பெரிதும் வழங்கும் 1,435 மில்லிமீட்டர் பாதையை 32-ஆல் வகுத்தால் ஏறக்குறைய இந்த அளவு கிடைக்கும். 1968-ல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்து லேமான் பொம்மைத் தொழிற்சாலையார் இதே தண்டவாளத்தில் குறுகிய பாதை ரயில்களை ஓட்டத் துணிந்தார்கள். மீட்டர் கேஜின் 1,000 மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வருகிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை மன்னித்துவிட்டால், அந்தத் தண்டவாளம் நமது பழைய மீட்டர் கேஜுக்கென்றே வார்த்தது போல் பொருந்துகிறது! ஆனால் அதில் ஓட நம் ஊர்ப் பெட்டி எங்கேனும் விலைக்குக் கிடைக்குமா என்று தேடினோம், கிடைக்கவில்லை. அதுவும் ஒரு விதத்தில் நல்லதாகவே போயிற்று.

இந்த அளவில் சுமார் பத்தொன்பதரை மீட்டர் நீளமுள்ள பெட்டி 87 சென்டிமீட்டர் ஆகிறது. ஐந்தரை அடி மனிதர் ஏழரை சென்டிமீட்டருக்குச் சுருங்குகிறார்.

அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும்

மீட்டர் கேஜ் பெட்டி ஒன்று ஒரு ரயில் நிலையத்துக்கு வெளியே காட்சிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அனுமதி பெற்று, குமாரனையும் குமாரியையும் அழைத்துக்கொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதை அளந்தோம். அளக்க ஆரம்பித்த பிறகுதான், இத்தனை வருஷம் ரயிலில் பிரயாணம் செய்தும் அதை நாம் பார்த்ததே இல்லை என்பது விளங்கிற்று. கதவின் கைப்பிடி தரையிலிருந்து எவ்வளவு உயரம்? ஜன்னல் கம்பிகளின் இடைவெளி என்ன? கூரையின் வளைவு நடுவிலும் ஓரத்திலும் ஒன்றுதானா? ஒவ்வொன்றும் கேள்வியாயிற்று. அளவுகளை இரண்டால் பெருக்கி 45-ஆல் வகுத்துக் குமாரி ஓர் அட்டவணை தயாரித்தாள். வகுப்பில் தசம பின்னம் என்றாலே கொட்டாவி விடும் பெண், இரவு பத்து மணி வரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டதை நாம் கண்ணாரக் கண்டோம்.

அந்த அளவுகளைக் கொண்டு மாதிரியின் முழு அளவில் ஒரு படம் வரைந்து மேஜைமேல் ஒட்டினோம். இரண்டு பக்கச் சுவர்களுக்கும் சன்னமான ஒட்டுப் பலகையை எடுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கி வைத்து, ஜன்னல்களை ஒரே தடவையில் அறுத்தோம். இவ்விதம் செய்தால் இரு பக்கத்து ஜன்னல்களும் இம்மியும் பிசகாமல் நேருக்கு நேர் நிற்கும்.

இங்கே நாம் அடைந்த முதல் தோல்வியையும் சொல்லிவிட வேண்டும். சுவர்களின் வெளிப்புறத்துக்கு மட்டும் அரக்கு வார்னிஷ் பூசிவிட்டுத் தூங்கப் போனோம். காலையில் பார்த்தால் இரண்டும் வாழை மட்டை போல் வளைந்து கிடந்தன. பலகையின் ஒரு புறம் ஈரத்தை ஏற்று மறு புறம் ஏற்காவிட்டால் அது வளையத்தான் செய்யும். எதைப் பூசினாலும் இரு புறமும் பூச வேண்டும் என்ற பாடத்துக்கு இரண்டு பலகைகள் தட்சிணையாயின.

சுவருக்கு மேல் மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டினோம். தகட்டின் பின்புறம் மழுங்கிய ஊசியால் அழுத்தினால் முன்புறத்தில் ஆணித்தலை போல் புடைக்கும். கைப்பிடிகளுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் பித்தளைக் கம்பி. கூரைக்கு, வளைந்த மர விலாக்களின்மேல் ஒட்டிய மெல்லிய மரப் பட்டிகள்.

முக்காலியின் தத்துவம்

பெட்டிக்கு இரு முனையிலும் நான்கு சக்கரங்கள் பூட்டிய ஒரு சட்டம் உண்டு. அதற்குத்தான் போகி என்று பெயர். நாம் பெட்டியையே போகி என்று அழைத்துப் பழகிவிட்டோம். இரண்டு போகிகளையும் அடித்தளத்தில் இறுக்கமாகத் திருகி வைத்தோம். வளைவில் தள்ளியதும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது. பெட்டி தடம் புரண்டது.

நாற்காலி மேடு பள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. அந்தத் தத்துவமே இதற்கும் மருந்து. ஒரு போகியை மட்டும் இடமும் வலமும் சற்றே சாயவிட வேண்டும். மற்றது முன்னும் பின்னும் அசையலாமே ஒழியப் பக்கவாட்டில் சாயக் கூடாது. அப்போது பெட்டி மூன்று புள்ளிகளில் உட்கார்ந்தது போலாகி, எட்டுச் சக்கரங்களும் தண்டவாளத்தை விடாமல் பற்றும். அரை மணி நேர வேலையில் நோய் தீர்ந்தது.

"மழை உள்ள வருமே!"

எல்லாவற்றிலும் சிரமமான வேலை ஜன்னல் ஷட்டர்கள். சாய்ந்த பட்டிகளை அடுக்கிய அந்த ஷட்டரை மூடிவிட்டால் காற்று வரும், மழை வராது. அட்டையை நறுக்கி, ஒரு ஷட்டருக்குப் பன்னிரண்டு பட்டிகள் வீதம், பதினாறு ஷட்டர்கள் செய்து ஒரு பக்கத்தில் ஒட்டினோம். 192 பட்டிகள், மூன்று வாரத்து இரவுகள். பெருமை தாங்காமல், பெட்டி முடிவதற்கு முன்பே தகப்பனாரிடம் கொண்டுபோய் மடியில் வைத்தோம்.

அவர் முதலில் கூரையைத் தடவினார். பிறகு கதவு, கைப்பிடி, படிக்கட்டு. முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றிற்று. விரல் ஜன்னலுக்கு வந்தது. மேலிருந்து கீழே ஒரு தடவை தேய்த்தார். மறு தடவையும் தேய்த்தார். மலர்ச்சி போய்விட்டது.

"எலே, மழை உள்ள வருமே!" என்றார்.

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே நமது விரலைப் பிடித்துத் தேய்த்துக் காட்டினார். ஷட்டரின் பட்டிகள் கூரை ஓடு போல் வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் மேலிருந்து கீழே தேய்க்கும் விரல் வழுக்கிக்கொண்டு இறங்கும். நாம் செய்ததில் ஒவ்வொரு பட்டியிலும் நகம் இடறிற்று. உட்புறம் வெளிப்புறமாக, பதினாறையும் தலைகீழாக ஒட்டியிருந்தோம்! எத்தனை பட்டிகள், என்ன அகலம் என்று அளந்தோமே ஒழிய, அவை எதற்காக இருக்கின்றன என்று யோசிக்கவில்லை. நமது படத்தில் அவை வெறும் கோடுகளாக இருந்தன. தென்மேற்குப் பருவ மழையில் ஆரியங்காவு மலையேறியவருக்கு அவை கோடுகள் அல்ல.

"பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது, அப்பா" என்று நமது குமாரன் மெல்லிய குரலில் யோசனை சொன்னான். நியாயமான யோசனைதான். பார்க்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் கூடக் கவனிக்க மாட்டார். ஆனால் யாருக்காகப் பெட்டி செய்தோமோ, அவர் ஒருவருக்குத் தெரிந்துவிட்டதே! அன்றிரவே பதினாறையும் பெயர்த்து எடுத்தோம். அதில் பலகையின் ஓரம் பல இடங்களில் பிய்ந்து, அந்தப் பக்கத்துச் சுவரையே மறுபடி அறுக்க நேர்ந்தது.

பிழையிலும் ஒரு லாபம் உண்டு. இரண்டாம் முறை செய்தபோது, ஷட்டர்களை ஒட்டாமல் பித்தளைப் பள்ளங்களில் ஏறி இறங்கும்படி அமைத்தோம். அந்தப் பெட்டிகளில் ஷட்டரைத் திறக்க மேலே தூக்க வேண்டும். தாழ் பிடிக்காவிட்டால் தடாலென்று விரலில் விழும். அந்த அநுபவம் நேயர்களில் அநேகருக்கு இருக்கும்.

1955 அக்டோபர் 2-ஆம் தேதி பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஜவஹர்லால் நேரு திறந்து வைத்தார். ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் தொழில் நுட்பத்தில் துணை நின்றார்கள். நம்மவர்கள் கற்றுக்கொண்டு, அகலப் பாதைக்கும் மீட்டர் பாதைக்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகளைக் கட்டினார்கள். ஒரு பொருளை வாங்குகிறவன் அதன் விலையை அறிகிறான். கட்டுகிறவன்தான் அதன் காரணத்தை அறிகிறான். பெரிய தொழிற்சாலைக்குப் பொருந்துகிற இந்த உண்மை, சாப்பாட்டு மேஜையின் மூலையில் நடக்கிற தொழிற்சாலைக்கும் பொருந்துகிறது.

சென்ற மாதம் பெட்டி முடிந்தது. என்ன வர்ணம் என்று குழந்தைகளுக்குள் வழக்கு எழுந்தபோது, "செங்காவிதான்" என்று தாத்தா தீர்ப்புச் சொன்னார். வர்ணம் காய்ந்ததும் மீண்டும் அவர் மடியில் வைத்தோம். விரல் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு இறங்கிற்று. ஒரு ஷட்டரைத் தூக்கினார், அது விழுந்தது. சிரித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்த பேத்தியின் கையை எடுத்து ஜன்னலில் வைத்து, எந்த நிலையத்தில் எந்தப் பக்கம் நடைமேடை வரும் என்று சொல்ல ஆரம்பித்தார். அன்று பாதியில் நின்ற பேச்சு, இரவு சாப்பாட்டு நேரம் வரையில் நிற்கவில்லை.

கடைசியில் நம் பக்கம் திரும்பி, "பெட்டி சரி. கார்டு இல்லாம வண்டி எப்படிலே புறப்படும்?" என்று கேட்டார்.

கார்டு பெட்டிக்கான அட்டவணையைக் குமாரி தயாரித்துக் கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை எதையும் ஒட்டுவதற்கு முன்னால், அது எதற்காக இருக்கிறது என்று தாத்தாவிடம் கேட்டுவிடுவதாக உத்தேசம்.