மருந்து தயாரிப்பில் தாமிரமும் ஒளியும்: ஹப்சிகுடா ஆய்வு ஆலைக்குச் செல்லுமா?

புதுதில்லி: மூல மருந்துகளுக்குச் சீனாவை எதிர்பார்த்து நிற்கும் நிலை குறித்து நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி எழுப்பும்போதெல்லாம், உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தையே அரசு பதிலாக முன்வைக்கிறது. 2020-ல் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்தில் 41 பொருள்களுக்கு ரூ. 6,940 கோடி ஒதுக்கப்பட்டது. ஊக்கத்தொகை விற்பனை மதிப்பை வைத்தே கணக்கிடப்படுகிறது. எவ்வளவு மருந்து தயாராகிறது என்பதே அளவுகோல். எந்த வழியில் தயாராகிறது என்பதல்ல.

ஆனால், இந்திய மருந்துத் துறையை உருவாக்கியதே அந்த "எந்த வழியில்" என்ற கேள்விதான். அதற்குச் சாட்சியாக நிற்கிறது, ஹைதராபாதில் ஹப்சிகுடாவை ஒட்டி உப்பல் சாலையில் அமைந்துள்ள இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம். நிஜாம் ஆட்சிக் காலத்தில் 1944-ல் தொடங்கப்பட்ட ஆய்வகம் இது. 1956-ல் மத்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் வந்து, 1989-ல் இப்போதைய பெயரைப் பெற்றது.

1970-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்து மூலக்கூறுக்கு உரிமை தரவில்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. புதிய முறையைக் கண்டவர் எவரும் அம்மருந்தைத் தயாரிக்கலாம் என்றானது. முறைகளைக் கண்டுபிடிப்பதே ஹப்சிகுடா வேதியியலாளர்களின் வேலையாயிற்று. ஏ.வி. ராமாராவ் இயக்குநராக இருந்த காலத்தில் எய்ட்ஸ் நோய்க்கான ஸிடோவுடின் மருந்துக்கு வகுக்கப்பட்ட முறை சிப்லா நிறுவனத்துக்குச் சென்றது. 2005-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திப் பொருள் காப்புரிமையைக் கொண்டு வந்தது. அப்போது இடதுசாரிகள் போராடிப் பெற்ற 3(டி) பிரிவு இன்றும் பேசப்படுகிறது. காப்புரிமை காலாவதியான மருந்துகளில் விலையை நிர்ணயிப்பது இன்னமும் தயாரிப்பு முறைதான் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

தாமிரத்தின் முக்கியத்துவம் இங்குதான் வருகிறது. கார்பன் வளையம் ஒன்றுடன் நைட்ரஜன் அணுவை இணைப்பது எண்ணற்ற மருந்துகளின் தயாரிப்பில் தவிர்க்க முடியாத படி. இத்தகைய இணைப்புகளுக்குத் தாமிரம் உதவும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஃபிரிட்ஸ் உல்மான் என்ற ஜெர்மானியர் காட்டிவிட்டார். ஆனால் 200 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். தாமிரமும் ஏராளமாகச் செலவாகும். எனவே பல்லேடியம் அந்த இடத்தைப் பிடித்தது. பல்லேடிய வினைகளுக்காக மூவருக்கு 2010-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

பல்லேடியமோ பெரும்பாலும் ரஷ்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைப்பது. உக்ரைன் போர் மூண்ட பின் 2022 மார்ச்சில் அதன் விலை அவுன்ஸுக்கு 3,000 டாலரைத் தாண்டியது. மாத்திரையில் தங்கும் உலோக எச்சத்துக்கும் வரம்பு உண்டு. சர்வதேச நெறிமுறையின்படி, வாய்வழி மருந்துகளில் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் வரையே இருக்கலாம். தாமிரத்துக்கு 3,000 மைக்ரோகிராம் வரை அனுமதி உண்டு.

2005-ல் இந்நிறுவனத்தின் பி.எம். சௌதரி, பின்னாளில் இயக்குநரான எம். லட்சுமி காந்தம் உள்ளிட்டோர், பல்லின் எனாமலை ஒத்த அபடைட் என்ற கனிமத்தில் தாமிரத்தைப் பொதித்து வினையூக்கி தயாரித்தனர். வினை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். விலை மலிவானாலும் எளிதில் வினைபுரியாத குளோரின் சேர்மங்களையும் அது இணைத்தது. அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் இது வெளியாயிற்று.

அடுத்த திருப்பம் ஒளி. ஆலைகளில் புகைக்குப் பதில் சூரிய ஒளி வேலை செய்யும் காலம் வரும் என்று இத்தாலியரான சியாமிசியன் 1912-லேயே நியூயார்க் மாநாட்டில் பேசினார். சரியாக 100 ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் கிரிகோரி ஃபூ, ஜோனஸ் பீட்டர்ஸ் குழுவினர் தாமிரச் சேர்மத்தின் மீது ஒளியைப் பாய்ச்சி உல்மான் வினையை அறை வெப்பநிலையிலும், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும்கூட நடத்திக் காட்டினர். ஒளியை உள்வாங்கிய தாமிரம் ஓர் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிறது. வெப்பம் செய்த வேலையை அந்த எலக்ட்ரான் செய்துவிடுகிறது.

தாமிரம் என்றதும் தமிழக வாசகர்களுக்குத் தூத்துக்குடி நினைவுக்கு வருவது இயல்பே. 2018-ல் 13 உயிர்கள் பறிபோன பின் மூடப்பட்டது அங்கிருந்த உருக்காலை. வினையூக்கிக்கு வேண்டிய தாமிரம் சிறிதளவே. இங்கு மாசுப் பிரச்னை வேறு. அது கரைப்பானும் கழிவுநீரும். ஹைதராபாத் அருகே சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைப் பெற்ற படான்சேரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007-ல் சுவீடன் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். சூடும் கழிவும் குறைந்த வினைகள் அப்பகுதி மக்களுக்கு வெறும் ஆய்வக விஷயமல்ல.

ஆனால் ஆலைக்குள் நுழைவது எளிதல்ல. பெரிய கலனில் ஒளி சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் ஊடுருவுவதில்லை. மெல்லிய குழாய்களில் திரவத்தை ஓடவிட்டு எல்இடி விளக்குகளால் ஒளியூட்டுவதே தீர்வு. ஏற்கெனவே பெரிய கலன்களில் முதலீட்டை முடக்கிவிட்ட சிறு ஆலை முதலாளி இதற்கு மீண்டும் பணம் போட வேண்டும். முறையை மாற்றினால் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் ஒப்புதலையும் மீண்டும் பெற வேண்டும்.

மூல மருந்துப் பூங்காக்களுக்கான ரூ. 3,000 கோடி திட்டத்தில் தமிழகம், தெலங்கானா உள்பட 13 மாநிலங்கள் போட்டியிட்டன. 2022-ல் குஜராத், இமாசலப் பிரதேசம், ஆந்திரம் ஆகியவை தேர்வாயின; ஹைதராபாதைத் தலைநகராகக் கொண்ட தெலங்கானா விடுபட்டது அப்போது சர்ச்சையானது. அந்த நிதி நீராவி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கரைப்பான் மீட்பு போன்ற பொது வசதிகளுக்கானது. சிறு ஆலைகள் தங்கள் வினைகளை ஒளி உலையில் சோதித்துப் பார்க்க ஒரு பொதுக்கூடத்தையும் அப்பட்டியலில் சேர்க்கும்படி உறுப்பினர்கள் கேட்கலாம்.