தொழிற்பயிற்சி யாருக்காக?

கடம்பத்தூர் ரயில் நிலையத்தில் காலையில் நம் சேரிப் பிள்ளைகள் வேலைக்குப் போவதை எல்லோரும் பார்க்கிறோம். "கையில் ஒரு தொழில் இருந்தால் பிழைத்துக்கொள்வான்" என்பது நம் பெற்றோர் சொல். அதில் தவறில்லை. ஆனால் எந்தத் தொழில், அதைத் தீர்மானித்தது யார், அதற்கு மேல் படிக்க வழி உண்டா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டமும் தொழிற்கல்வி என்றே சொல்லிக்கொண்டது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் மூன்று மணி நேரம் பாடம். மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். மறு ஆண்டு முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். பறை அடித்தவர் மகனுக்கும் செருப்புத் தைத்தவர் மகனுக்கும் அந்த மீதி நேரம் என்னவாகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு பள்ளி தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய டர்பனுக்கு அருகே, இனாண்டா என்ற ஊர். அந்த ஊரில் பிறந்த ஜான் டூபே அமெரிக்காவில் படித்தார். பூக்கர் டி. வாஷிங்டன் 1881இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய டஸ்கிகீ பள்ளி அவருக்கு முன்மாதிரியானது. ஊர் திரும்பி, 1900ஆம் ஆண்டு வாக்கில், மனைவி நொகுடேலாவுடன் சேர்ந்து ஒலாங்கே பள்ளியைத் தொடங்கினார். கிராமத்து ஜூலுப் பிள்ளைகள் அங்கே தச்சு வேலையும் விவசாயமும் கற்றார்கள். 1903இல் டூபே தொடங்கிய 'இலங்கா லசே நேட்டால்' என்ற ஜூலு மொழிப் பத்திரிகையும் அந்தப் பள்ளியோடு சேர்ந்தே வளர்ந்தது. உளி பிடித்த பிள்ளை அச்செழுத்தையும் பார்த்தான். 1912இல் பிறந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவரும் டூபேதான். 1994இல் மண்டேலா தம் முதல் வாக்கைப் போட்டது அந்தப் பள்ளியில்.

வாஷிங்டன் வழியை டு போய்ஸ் 1903இலேயே கடுமையாக விமர்சித்தார். கைத்தொழிலோடு நிறுத்திக்கொண்டால் உயர்கல்வியும் வாக்குரிமையும் கைநழுவிப்போகும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. அம்பேத்கரும் 1942இல் வைஸ்ராயிடம் கொடுத்த மனுவில், பட்டியல் சாதி மாணவர்களுக்கு அறிவியல், தொழில்நுட்பத்தில் உயர்படிப்பும் வெளிநாட்டு உதவித்தொகையும் கேட்டார். ஸ்பேனர் பிடிக்கிற கை மட்டும் போதாது, இயந்திரத்தை வடிவமைக்கிறவரும் நம்மில் வேண்டும் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி அப்ரண்டிஸ் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. லைனில் பக்கத்தில் நிற்பவருக்குக் கூலி, இவருக்கு உதவித்தொகை. பயிற்சி முடிந்தபின் வேலை உண்டா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியலிலும் அதேபோல் இரண்டாம் ஆண்டு. நான் பேசிய பிள்ளைகளில் பலருக்கு இது தெரிந்திருக்கவில்லை.