மொட்டைப்பனையை வெட்டும் முன்

வேலூர் – ஆரணி சாலையில் கண்ணமங்கலத்தை ஒட்டிய வயல்வெளிகளில், மின்கம்பிமேல் பனங்காடை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கமே நம் கண்ணை மறைக்கிறது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையின்படி, 12 ஆண்டுகளில் நாட்டில் பனங்காடைகள் 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன.

முதலில் பறவையைச் சரியாக அறிவோம். அமர்ந்திருக்கும்போது அதன் முதுகும் மார்பும் மங்கிய பழுப்பு. சிறகை விரித்தால்தான் அடர்நீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாகத் தெரியும். வெண்மார்பு மீன்கொத்தியும் நீலம்தான். ஆனால் அதற்குத் தடித்த சிவப்பு அலகு, பனங்காடைக்குக் கருத்த அலகு. ஈராக் முதல் இலங்கை வரை வாழும் இப்பறவை, உயரத்தில் காத்திருந்து தரையில் இறங்கி வெட்டுக்கிளி, வண்டு, ஓணான் போன்றவற்றைப் பிடிக்கும். பூச்சிக்கொல்லி தெளித்த வயலில் இந்த இரை அருகிவிடுகிறது.

பனங்காடைக்கு மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடையத் தெரியாது. ஏற்கெனவே உள்ள பொந்தை, பெரும்பாலும் தலை இழந்து உளுத்த மொட்டைப்பனையின் பொந்தை நம்பியே அது முட்டையிடுகிறது. செத்த மரம்தானே என்று அதைத்தான் நாம் முதலில் சாய்க்கிறோம். செங்கல் சூளைக்கு விறகாக அனுப்புகிறோம். மைனாவும் கிளியும் அதே பொந்துக்குப் போட்டியிடுகின்றன. பொந்து கிடைக்காத பனங்காடையும் கம்பிமேல் உட்காரத்தான் செய்யும். ஆகவே கம்பிமேல் பறவை இருப்பது, அவ்வூரில் குஞ்சு பொரிக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல.

வட அமெரிக்காவின் கிழக்கத்திய நீலப்பறவைக்கும் இருபதாம் நூற்றாண்டில் இதே நிலை வந்தது. பட்டுப்போன மரங்கள் போயின; எஞ்சிய பொந்துகளைச் சிட்டுக்குருவியும் ஐரோப்பிய மைனாவும் பிடித்துக்கொண்டன. மக்கள் ஆயிரக்கணக்கில் கூடுபெட்டிகள் வைத்த பிறகே அது மீண்டது.

பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. அனுமதி கேட்குமுன் மரத்தை நாமே அண்ணாந்து பார்க்க வேண்டும். கோடையில் பொந்துள்ள பனையில் கோடரி வைக்கக் கூடாது. இன்று நடும் பனங்கொட்டை வளர்ந்து, முதிர்ந்து, பொந்து விட இரண்டு தலைமுறையாவது ஆகும். அதுவரை, நிற்கும் மொட்டைப்பனைகளை விட்டால் இப்பறவைக்கு வேறு போக்கிடம் இல்லை.