நாள்மீனும் கோள்மீனும் செயற்கைக்கோளும்

நுழையும்முன்

இரவு வானை அண்ணாந்து நோக்குவோர் அனைவரும் ஒளிப்புள்ளிகளைக் காண்கின்றனர். அவற்றுள் எது எதுவெனப் பிரித்தறிவோர் சிலரே. விண்ணில் ஒளிரும் பொருளின் இயல்பை அதன் நடையைக் கொண்டு அறியலாம் என்பது பழந்தமிழர் கண்ட நெறி. அந்நெறி இன்றைய செயற்கைக்கோள்களுக்கும் பொருந்துவதை இப்பாடம் விளக்குகிறது.

சமவெளியின் வானம்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது ஒரத்தநாடு. கல்லணைக் கால்வாய் பாயும் இவ்வூரைச் சுற்றிலும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் பரந்துள்ளன. மலைகள் மறைக்காத சமவெளி ஆதலால், திறந்த வயல்வெளியில் நிற்போருக்கு அடிவானம்வரை வானம் முழுமையாகப் புலப்படும்.

சம்பா அறுவடை முடிந்த மாசி மாத முன்னிரவில் வரப்பின்மீது நின்று வடக்கே நோக்கினால், அடிவானத்திற்கு மேலே ஏறத்தாழப் பத்தரைப் பாகை உயரத்தில் துருவமீனைக் காணலாம். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால், அம்முட்டியின் அகலம் ஏறக்குறையப் பத்துப் பாகையாகும். எனவே, துருவமீன் அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் நிற்கிறது எனலாம். தலைக்கு மேலே கார்த்திகை மீன்கூட்டமும், அதற்குக் கிழக்கே செந்நிறத் திருவாதிரையும் ஒளிரும். அவற்றினூடே ஓர் ஒளிப்புள்ளி ஓசையின்றி நகர்ந்து செல்வதையும் சில வேளைகளில் காண நேரிடும். அது விண்மீனா, விமானமா, வேறு ஏதேனுமா என்னும் வினா அப்போது எழுகிறது.

முன்னோர் கண்ட பாகுபாடு

நாள்மீன், கோள்மீன் என்னும் சொற்கள் சங்க இலக்கியத்தில் உள்ளன. காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைக் கூறும் பட்டினப்பாலையிலும் இவ்விரண்டும் இடம்பெற்றுள்ளன. நாள்மீன்கள் தமக்குள் இடைவெளி மாறாமல் ஒருசேர நகர்பவை. கோள்மீன்கள் அவற்றினிடையே நாள்தோறும் சிறிது சிறிதாக இடம் மாறுபவை. தொலைநோக்கி இல்லாத காலத்தில், பொறுமையாக நோக்கும் கண்களைக் கொண்டே இவ்வேறுபாடு அறியப்பட்டது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியபோது மூன்றாவது வகை ஒன்று வானில் சேர்ந்தது. அதுவே செயற்கைக்கோள்.

பிரித்தறியும் முறை

முதலில் நோக்க வேண்டியது மினுக்கம். விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் அவற்றின் ஒளி ஒரு புள்ளியாகவே நம்மை வந்தடைகிறது. அசைந்துகொண்டே இருக்கும் காற்றடுக்குகளில் அவ்வொளி விலகி விலகி வருவதால் விண்மீன் மினுக்குவதாகத் தோன்றுகிறது. வெள்ளி, வியாழன் போன்ற கோள்கள் அருகில் இருப்பதால் பெரும்பாலும் மினுக்குவதில்லை. செயற்கைக்கோளின் ஒளியும் பொதுவாகச் சீரானது. எனினும், செயலிழந்து உருண்டு செல்லும் ஏவூர்திப் பகுதிகள் மங்கியும் பளிச்சிட்டும் தோன்றும். ஆகவே, மினுக்கத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

அடுத்து நோக்க வேண்டியது நடை. புவியின் சுழற்சியால் விண்மீன்கள் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்வதாகத் தோன்றும். ஐயத்திற்குரிய ஒளியை ஒரு தென்னையின் உச்சிக்கு நேராக வைத்து, நின்ற இடம் மாறாமல் ஐந்து நிமிடம் நோக்குக. அது விண்மீனாயின் ஒரு பாகைக்குச் சற்றே மிகுதியாக நகர்ந்திருக்கும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் பன்னாட்டு விண்வெளி நிலையமோ, உச்சியைக் கடக்கையில் ஒரு வினாடிக்கே ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடும். அது வானின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்லச் சில நிமிடங்களே ஆகும். விமானமும் நகரும், ஆனால், அதில் சிவப்பு, பச்சை விளக்குகளும் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கும் இருக்கும். எரிமீன் கண நேரத்தில் கோடிட்டு மறைந்துவிடும்.

மூன்றாவதாக நோக்க வேண்டியது மறைவு. செயற்கைக்கோளுக்குத் தன்னொளி இல்லை; கதிரவனின் ஒளியையே அது எதிரொளிக்கிறது. நிலத்தில் இருள் சூழ்ந்த பின்னும், உயரத்தில் செல்லும் செயற்கைக்கோள்மீது வெயில் படும். அதனால், தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்பவற்றைக் கதிரவன் மறைந்தபின் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும், விடியலுக்கு முன் அதே அளவு நேரமும் எளிதில் காணலாம். அது புவியின் நிழலுக்குள் நுழைந்ததும், மேகமற்ற வானிலும் நடுவழியிலேயே மங்கி மறையும். விண்மீன் எதுவும் அவ்வாறு மறைவதில்லை.

அறியாமை தரும் அச்சம்

2021 டிசம்பரில் பஞ்சாப் மாநிலத்தின் பதான்கோட் பகுதியில், வரிசையாகச் செல்லும் ஒளிப்புள்ளிகளைக் கண்ட மக்கள் வியப்பும் அச்சமும் கொண்டனர். ஒரே ஏவூர்தியில் செலுத்தப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், தத்தம் இடத்திற்குப் பிரியும் முன்னர் இவ்வாறு தொடர்வண்டிபோல் அணிவகுத்துச் செல்லும். அவற்றின் நடையை அறிந்தோர்க்கு அது அச்சம் தரும் காட்சியன்று.

கண்ணுக்குத் தெரியாத காவல்

நகர்ந்து செல்லும் செயற்கைக்கோளைக் காண்கிறோம்; நகராமல் நிற்பதை நாம் காண்பதில்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலைச் செயற்கைக்கோள், புவி சுழலும் வேகத்திற்கு ஈடாகச் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அவ்வளவு தொலைவில் இருப்பதால் வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. 2018இல் இன்சாட் 3டி என்னும் வானிலைச் செயற்கைக்கோள் 82 பாகை கிழக்கு நெட்டாங்குக்கு நேர் மேலே நின்றது. ஒரத்தநாட்டிலிருந்து நோக்கினால் அது உச்சிக்குச் சற்றே தெற்கே அமைந்த இடம்.

அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தலைமுறைகள் வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஆயினும், கடலில் அப்புயல் உருவானது முதல் அதன் போக்கைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டிவந்தன. அதனால் கரையோர மக்கள் பலர் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உயிரிழப்பை முற்றிலும் தவிர்க்க இயலவில்லை. எனினும், காக்கப்பட்ட உயிர்கள் பல.

வானமும் நம் உடைமை

இன்று இயங்கும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை பத்தாயிரத்தைக் கடந்துவிட்டது. அவற்றின் ஒளித்தடங்கள் தொலைநோக்கிப் படங்களில் குறுக்கே கோடுகளாய் விழுந்து ஆய்வுக்கு இடையூறு செய்கின்றன. எனவே, இருண்ட வானைக் காப்பதற்கெனப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2022இல் தனி மையம் ஒன்றைத் தொடங்கியது. நம் உயிரைக் காக்கும் கருவியும் வேண்டும். நம் முன்னோர் கண்ட வானமும் வேண்டும். இரண்டையும் பேணும் அறிவு, எது எதுவெனப் பிரித்தறிவதில் தொடங்குகிறது. அதற்கு இருண்ட வெளியும் சிறிது பொறுமையும் போதும். முதற்கருவி நம் கண்களே.