மெரினாவின் மணல் யாருடையது?

சென்னைக்காரர்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்லும் விவேகானந்தர் இல்லம் 1842இல் கட்டப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கி வைக்கும் கிடங்கு அது. சென்னை வெயிலில் பனிக்கட்டியை வெகுதூரம் தூக்கிப்போக எந்த வியாபாரி சம்மதிப்பான்? படகு வந்து ஒதுங்கும் கரையோரமாகப் பார்த்துத்தான் கட்டினார்கள். இன்று அதன் வாசலில் நின்றால் எதிரே சாலை, அதற்கப்பால் நடைபாதை, பிறகு மணல், சுண்டல் கடை, மறுபடி மணல். கடலைப் பார்க்கக் கால் வலிக்க நடக்க வேண்டும். கட்டடம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கடல்தான் தள்ளிப் போயிருக்கிறது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே போனால் கதை தலைகீழ். ராயபுரம் தாண்டித் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் பல இடங்களில் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே மணலே கிடையாது, கருங்கல் குவியல்தான். 1876இலிருந்து 1975 வரை நூறு ஆண்டில், துறைமுகத்துக்கு வடக்கே கரை ஏறக்குறைய 500 மீட்டர் பின்வாங்கியது என்பது கடற்கரைப் பொறியியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. அதே வங்கக் கடல், அதே ஊர். தெற்கே நிலத்தைக் கொடுத்துவிட்டு வடக்கே எடுத்துக்கொண்டது ஏன்? டீ ஆறுவதற்குள் புரிந்துவிடக்கூடிய விஷயம்தான். படிப்படியாகப் போவோம்.

முதலில் அலை. அது கரைக்கு நேராக வருவதாகத்தான் நம் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் அது சற்றுச் சாய்ந்தே வருகிறது. தென்கிழக்கிலிருந்து வரும் அலை, மணலை அள்ளிக்கொண்டு அதே சாய்வில் கரைமேல் ஏறுகிறது. திரும்பும்போது அப்படிப் போவதில்லை. சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நேராக இறங்கிவிடுகிறது. ஏற்றம் சாய்வு, இறக்கம் நேர். இதனால் ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் வடக்கே தள்ளி வைக்கப்படுகிறது. போதாதற்கு, அலை உடையும் பகுதியில் கரையை ஒட்டியே ஒரு நீரோட்டமும் ஓடுகிறது. கலங்கி மேலெழும் மணலை அது இழுத்துக்கொண்டு போகும். கால் நனைக்கப் போய்ச் செருப்பைப் பறிகொடுத்தவர்கள் நின்ற இடத்திலேயே தேடிக்கொண்டிருப்பார்கள். செருப்போ இருபது முப்பது அடி தள்ளிக் கரை ஒதுங்கியிருக்கும்.

ஆண்டு முழுக்க ஒரே திசையிலும் இது நடப்பதில்லை. ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலிருந்து நெடுந்தூரம் வரும் அலைகள் நம் கிழக்குக் கரையைத் தெற்கிலிருந்து தட்டுகின்றன. மணல் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அலை மறுபக்கமிருந்து வருகிறது. மணல் தெற்கே திரும்புகிறது. மீனவர்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரிந்துகொண்ட செய்தி கிடையாது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி வெள்ளம் என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி வெள்ளம் என்றும் பிரித்துச் சொல்லி, அதற்கேற்ப வலை போடுகிறவர்கள் அவர்கள். வடக்கே தள்ளும் மாதங்கள் அதிகம், தெற்கே தள்ளும் மாதங்கள் குறைவு. கூட்டிக் கழித்தால் மணல் வடக்கேதான் போகிறது.

எவ்வளவு மணல்? ஆய்வுக்கு ஆய்வு, ஆண்டுக்கு ஆண்டு கணக்கு மாறும். ஆனாலும் சோழமண்டலக் கரையில் அது லட்சம் கன மீட்டர்களில் பேச வேண்டிய அளவு. 3 லட்சம் கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 கன மீட்டர் கொள்ளும் லாரியில் 30,000 லோடு. இத்தனையும் நம் கண்ணுக்குத் தெரியாமல், பெரும்பாலும் அலை உடைகிற ஆழமில்லாத பகுதியிலேயே நகர்ந்துபோகிறது. நேற்று நாம் உட்கார்ந்திருந்த மணல் இன்று அங்கே இல்லாமல் போகலாம். போன அளவுக்கு வேறு மணல் வந்து சேர்ந்துகொண்டிருக்கும்வரை, கரை அசையாமல் இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

இப்போது துறைமுகத்துக்கு வருவோம். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் ஏற்றி வரும். இந்த அவஸ்தையைத் தீர்க்க 1876இல் கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அவற்றைச் சிதைத்துவிட்டது. மறுபடி கட்டினார்கள். பிறகு 1904இல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங், அலையும் மணலும் நுழைந்துகொண்டிருந்த கிழக்கு வாயை அடைத்துவிட்டு வடகிழக்கில் புது வாய் திறக்க வைத்தார். இன்றைய துறைமுகத்தின் உருவம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வீட்டுக்குத் தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றிக்கொண்டே இருப்பார்கள். நடுவில் ஒருவர் மட்டும் சட்டிகளை வாங்கி வாங்கித் தன் காலடியிலேயே அடுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? அவரிடம் குவியும். அவருக்கு அடுத்து நிற்பவரின் கை காலி. ஆனால் அதற்கும் அடுத்த ஆள் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறார். வரவே இல்லாத ஒருவர் அவருக்குக் கொடுத்தாக வேண்டும். துறைமுகத்தின் தெற்குச் சுவர்தான் சட்டியை அடுக்கிய ஆள். ராயபுரம்தான் கை காலியானவர். வடக்கே தள்ளும் அலை, மணல் வந்ததா இல்லையா என்று கேட்பதில்லை. வரவு நின்ற பிறகும் அது ராயபுரத்தின் கரையிலிருந்தே எடுத்து வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

தெற்கே குவிந்த மணல்தான் நம் மெரினா. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் கடலோரமாக உலாச்சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தபோதே கரை அகலத் தொடங்கிவிட்டது. இன்று சில இடங்களில் அது 400 மீட்டரைத் தாண்டும். சென்னையின் மிகப் பெரிய பொது வெளியை யாரும் திட்டமிடவில்லை என்பதை நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. துறைமுகம் கட்டியவர்களுக்கு அது ஒரு பக்கவிளைவு, அதுவும் தொல்லை தருகிற பக்கவிளைவு. அதே மணல்தான் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைத்துக்கொள்கிறது. கூவம் நாறுவதற்குக் கழிவுநீர் முதல் காரணம் என்றாலும், கடலோடு கலந்து தன்னைக் கழுவிக்கொள்ள அதற்கு வழி திறப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

இங்கேதான் கிட்டத்தட்ட எல்லோரும் தடுமாறும் இடம் வருகிறது. ஓர் ஊரில் கரை அரிக்கப்பட்டால், காரணம் அந்த ஊருக்கு எதிரே உள்ள கடலில்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். கடல் சீறுகிறது, கடல் ஊருக்குள் புகுகிறது என்றுதான் செய்தியும் வருகிறது. படித்தவர்கள் உடனே பருவநிலை மாற்றம் என்பார்கள். கடல் மட்டம் உயர்வது உண்மை. கவலைப்பட வேண்டிய உண்மையும்கூட. ஆனால் அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். ஆண்டுக்குப் பல மீட்டர் கரை காணாமல் போகும் ஊரில் அதை மட்டும் காரணமாகச் சொன்னால் கணக்கு உதைக்கும். மேலும், கடல் மட்டம் மட்டுமே காரணமாக இருந்தால் மெரினாவும் அல்லவா சுருங்கியிருக்க வேண்டும்? தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் சுமார் கால் நூற்றாண்டுக்கு எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. இந்தியக் கடற்கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டிருக்கிறது. கால் பங்குக்கு மேல் வளர்ந்தும் இருக்கிறது. ஒரே கடல் இரண்டையும் செய்கிறது என்றால், நாம் தேட வேண்டியது கடலின் கோபத்தை விட்டு, மணல் எங்கே தங்கிவிட்டது என்பதை. கிழக்குக் கரையில் அந்த இடம் பெரும்பாலும் அரிக்கப்படும் ஊருக்குத் தெற்கே இருக்கும். சில சமயம் பல கிலோமீட்டர் தெற்கே.

ஆறுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கரையில் நடக்கும் மணலில் பெரும்பங்கு ஆறுகள் கொண்டுவந்து கொடுத்தது. 1934இல் மேட்டூரில் அணை எழுந்தது; மற்ற ஆறுகளிலும் அணைகளும் தடுப்பணைகளும் வந்தன. தண்ணீரோடு வந்த மணல் அணைக்குப் பின்னால் படிந்துவிடுகிறது. தப்பி வந்ததை நாம் வீடு கட்ட அள்ளிவிடுகிறோம். கடலுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் மருந்தும் தவறாகிவிடுகிறது. அரிக்கப்படும் இடத்தில் கல் கொட்டுவதுதான் நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். கல் சுவர் பின்னால் இருக்கும் வீட்டைக் காக்கும், அதில் சந்தேகமில்லை. கடல் வாசலுக்கு வந்துவிட்டவர்களிடம் போய்க் கல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அது கடற்கரையைக் காக்காது. மணற்சரிவில் ஏறும் அலை மெல்ல மெல்லத் தன் வேகத்தைச் செலவழித்துவிடும். கல்லில் மோதும் அலை வேகத்தோடு திரும்பி, சுவரின் காலடி மணலையும் பறித்துக்கொண்டு போகும். சில ஆண்டில் சுவர் இருக்கும், மணல் இருக்காது, படகை ஏற்றி வைக்க இடமும் இருக்காது.

அடுத்தது, மீனவர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் கோரிக்கை: தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு, முனையில் சற்று வளையும் கற்கரை அது. அதன் தென்பக்கம் மணல் சேரும், அந்த ஊருக்கு நிம்மதி. வடக்கே அடுத்த ஊருக்கு என்ன நடக்கும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். அது சின்ன அளவில் இன்னொரு துறைமுகச் சுவர்தானே.

புதுச்சேரி இதற்கு அப்பட்டமான உதாரணம். ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காக இரண்டு கல் சுவர்கள் கடலுக்குள் போடப்பட்டன. சில ஆண்டுகளில் நகரத்துக் கடற்கரை மறைந்தது. காந்தி சிலைக்கு முன்னால் மணலில் விளையாடிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை கருங்கல்லைத்தான் பார்த்தது. பீச் ரோடைக் காக்கக் கல், வைத்திக்குப்பத்துக்குக் கல், அதற்கு வடக்கே சோலை நகருக்குக் கல். பிறகு மாநில எல்லை வந்துவிட்டது, அரிப்பு நிற்குமா? கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எனத் தமிழ்நாட்டுக் குப்பங்களுக்குப் போயிற்று. இதில் மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. தெற்கே சேரும் மணலை எடுத்துக் குழாய் வழியாக வடக்கே கொட்ட வேண்டும் என்பது அந்தத் துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. சுவர் எழுந்தது, மணல் கடத்தும் வேலைதான் ஒழுங்காக நடக்கவில்லை.

அந்த வேலை நடக்கிற இடம் ஒன்றைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலும் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1960களில் ட்வீட் ஆற்றின் முகத்துவாரச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கே கூலங்கட்டா, கிர்ரா கடற்கரைகள் கரைந்தன. நம் ஊரைப் போலவே அவர்களும் கல் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஆற்றுக்குத் தெற்கே கடலுக்குள் 450 மீட்டர் நீளத்துக்கு ஒரு மேடைப்பாலம் கட்டி, அதன் கீழே பம்புகளை வைத்தார்கள். அவை மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் வழியாக மறுகரைக்கு அனுப்புகின்றன. 2001 முதல் இது ஓடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர். தொடக்க ஆண்டுகளில் கிர்ராவில் மணல் அதிகமாகிவிட்டது என்று அலைச்சறுக்கு ஆட்டக்காரர்கள் புகார் செய்தார்களாம். அப்படி ஒரு புகார் நம் குப்பங்களுக்கும் வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

நம்மிடமும் இதற்கு அறிவு இல்லாமலில்லை. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர் வாரும் மணலை வடக்கே ராமகிருஷ்ணா கடற்கரையில் சேர்க்கும் பழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. புதுச்சேரியிலேயே 2018இல் தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் ஆப்பு வடிவில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. அலை அதில் பட்டு வலுவிழக்கும். பின்னால் மணல் தங்கும். கூடவே துறைமுக வாயில் வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். இல்லாமலே போயிருந்த மணல் பரப்பு ஓரளவு திரும்பி வந்தது. ஆனால் திட்டை மணலைப் பிடித்துவைக்கும், உண்டாக்காது. மணல் ஆண்டுதோறும் வந்தாக வேண்டும். இதற்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டு கிடையாது. டீசல் செலவும் ஆள் செலவும் மட்டும் வருடா வருடம் வரும். கல் கொட்டும் பணிக்குக் கிடைக்கும் நிதி இதற்குக் கிடைக்காததில் அதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

எனவே இனி ஒரு குப்பத்தில் கடல் புகுந்துவிட்டது என்று செய்தி வந்தால், கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து அந்த ஊருக்குத் தெற்கே பாருங்கள். கடலுக்குள் நீளும் கல் எங்கே இருக்கிறது, அதன் எந்தப் பக்கம் மணல் கொழுத்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். தூண்டில் வளைவு கேட்டு ஆட்சியருக்கு மனு எழுதுகிறவர்கள் அதில் இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளலாம்: துறைமுகத்தில் வாரும் நல்ல மணலை ஆழ்கடலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம், எங்கள் கரையில் கொட்டுங்கள்.