ஆவணப்படத்திற்குப் பொருத்தமான கமராவைத் தெரிவு செய்தல்

வினா: ஆவணப்படம் ஒன்றைத் தயாரிப்பதற்குக் கமராவைத் தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டிய காரணிகளை உதாரணங்களுடன் விளக்குக.

இவ்வினாவுக்கு விடையளிக்கும் மாணவர் பலர் "விலை கூடிய நவீன கமராவைத் தெரிவு செய்ய வேண்டும்" என ஒரே வரியில் எழுதி முடித்து விடுகின்றனர். இது போதிய விடையன்று. கதைப்படத்தில் காட்சியைக் கமராவுக்கு ஏற்றவாறு அமைக்கலாம். விளக்குகளைக் கூட்டலாம், நடிகரை மீண்டும் நடிக்கச் சொல்லலாம். ஆவணப்படத்தில் நிகழ்வு ஒருமுறையே நிகழும். ஆகவே நிகழ்வுக்கு ஏற்ற கமராவையே தேட வேண்டும். அவ்வாறு தேடாவிடின், கமராவுக்காக உண்மையை மாற்ற வேண்டிய நிலை ஏற்படும். இக்கருத்தை மனதில் இருத்திக்கொண்டு பின்வரும் காரணிகளைப் படியுங்கள்.

1. சூழலும் ஒளியும்

றொபர்ட் பிளாஹர்ட்டி 1922 இல் வெளியிட்ட "நனூக் ஒஃப் த நோர்த்" கனடாவின் வடபகுதியில் கடுங்குளிரில் எடுக்கப்பட்டது. அவர் கொண்டு சென்ற ஏக்லி கமராக்களுக்கு எண்ணெய்க்குப் பதிலாகக் காரீயத்தூள் இடப்பட்டது. எண்ணெய் குளிரில் இறுகிவிடும், காரீயம் இறுகாது. இது சூழலுக்கேற்ற தெரிவாகும்.

எனினும் பனிவீட்டின் உட்புறத்தைப் படம்பிடிக்க ஒளி போதவில்லை. ஆகவே படத்திற்கென்றே பெரிய பனிவீடு ஒன்று கட்டப்பட்டு, அதன் ஒரு பக்கம் அகற்றப்பட்டது. திரையில் வீட்டினுள் உறங்கி எழும் குடும்பம் உண்மையில் திறந்த குளிரிலேயே இருந்தது. கமராவின் குறையை மனிதர் ஈடுசெய்ய நேர்ந்தமைக்கு இது சிறந்த உதாரணம். எனவே குறைந்த ஒளியிலும் தெளிவாகப் பதியக்கூடிய உணரியும் வில்லையும் அவசியம்.

2. எடையும் அளவும்

1960 இல் வெளியான "பிறைமரி" என்னும் அமெரிக்கப் படத்தில் தோளில் சுமக்கத்தக்க கமரா பயன்படுத்தப்பட்டது. அதனாலேயே சனக்கூட்டத்தினூடாகச் செல்லும் ஜோன் எவ். கென்னடியைப் பின்தொடர முடிந்தது. பிரான்சின் ஆக்னஸ் வர்தா 2000 இல் வெளியிட்ட "த கிளீனர்ஸ் அன்ட் ஐ", அறுவடைக்குப் பின் எஞ்சியவற்றைப் பொறுக்குவோர் பற்றியது. சிறிய டிஜிற்றல் கமராவை ஒரு கையில் பிடித்து, முதுமையடைந்த தமது மறு கையையே அவர் அதில் படம்பிடித்தார். சிறிய கமராவைக் கண்டு மக்கள் அஞ்சுவதும் குறைவு.

3. ஒலி

இலங்கையில் படம்பிடிக்கப்பட்டு 1934 இல் நிறைவுற்ற பசில் றைட்டின் "சோங் ஒஃப் சிலோன்" படத்திற்குரிய ஒலி பின்னர் இலண்டனில் சேர்க்கப்பட்டது. படப்பிடிப்பு நடந்த இடத்தில் ஒலி பதியப்படவில்லை. இன்று அந்நிலை இல்லை. எனினும் கமராவில் உள்ள சிறு ஒலிவாங்கி காற்றிரைச்சலையும் சேர்த்தே பதியும். வெளி ஒலிவாங்கியைப் பொருத்தும் வசதியும், பதியும் ஒலியை ஹெட்போன் மூலம் கேட்கும் வசதியும் உண்டா எனப் பார்க்க வேண்டும்.

4. பதிவு நேரம்

400 அடி நீளமான 16 மி.மீ. படச்சுருள் ஏறத்தாழ 11 நிமிடங்களுக்கே போதும். டிஜிற்றல் கமராவில், செக்கனுக்கு 50 மெகாபிற் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 22.5 ஜிகாபைற் இடம் தேவை. நேர்காணலில் ஒருவர் மனந்திறந்து பேசும்போது மின்கலம் தீர்ந்தால், அதே பேச்சு மறுபடி கிடைக்காது. ஆகவே மேலதிக மின்கலமும் நினைவக அட்டையும் தெரிவின் பகுதிகளே.

5. செலவு

கையிலுள்ள பணம் முழுவதையும் கமராவுக்கே செலவிடலாகாது. ஒலிவாங்கி, முக்காலி, பயணம் ஆகியவற்றுக்கும் ஒதுக்க வேண்டும். நல்ல ஒலிவாங்கி பொருத்திய கையடக்கத் தொலைபேசியாலும் சிறந்த ஆவணப்படம் எடுக்கலாம்.

விடை எழுதும்போது: காரணியின் பெயரை மட்டும் எழுதாது, "ஏன்" என்பதையும் ஓர் உதாரணத்தையும் சேர்த்து எழுதுக. மேலேயுள்ள படங்களின் பெயரையும் ஆண்டையும் நினைவில் வைத்திருங்கள்.

பயிற்சி வினா: அதிகாலை 4 மணிக்குக் கரையேறும் மீனவரைப் பற்றி உங்கள் பாடசாலை ஊடகக் கழகம் ஆவணப்படம் எடுக்கவுள்ளது. மீனவரின் வேலைக்கு இடையூறின்றிப் படம்பிடிக்க எத்தகைய கமராவைத் தெரிவு செய்வீர்கள்? மூன்று காரணங்கள் தருக.